வலது கால் மண்

காலை ஆறேகாலுக்கு அரூர் பஸ் ஏரிக்கரையில் திரும்பியது. அந்தச் சத்தத்தில்தான் பச்சியப்பன் தினமும் விழிப்பான். விழித்ததும் முதல் வேலை வாயைத் திறப்பது. அது சுலபமில்லை. உதடுகள் ஒட்டியிருக்கும். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். தலைமாட்டுச் சொம்பில் விரலை நனைத்து உதட்டோரத்தில் தடவி, மெல்லப் பிரித்து, அப்புறம் அதே விரலை உள்ளே விட்டு நாக்கைப் பெயர்த்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் உரியும்.

இன்று அவசரப்பட்டான். தம்பி வருகிற நாள். ரத்தம் கசிந்தது. அதில் உப்புக் கரிக்கவில்லை. எதுவும் கரித்து வெகுநாளாயிற்று.

இரண்டு வருசம் முன்பு அவன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. கூடப் பிறந்தவர்களின் ரத்தச் செல்லை எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். அக்காளுடையது பொருந்தவில்லை. தம்பி தீர்த்தகிரியுடையது பொருந்தியது. பெங்களூரில் ஏற்றினார்கள். ரத்தம் ஊறியது. எச்சில் நின்றுபோனது.

எச்சிலை அவன் அதுவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. துப்புவதற்கு உள்ளது என்று இருந்தான். அது இல்லாமல் சோறு இறங்காது, பேச்சு வராது, பல் நிற்காது என்று பிறகுதான் தெரிந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாக வலை பின்னியிருந்தது. மிளகாய்த் துணுக்குப் பட்டால் கொள்ளி வைத்த மாதிரி எரிந்தது. பற்கள் ஈறோரம் கறுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. போன தையில் இட்லி தின்னும்போது ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. டீக்கடையில் அவனுக்கு இட்லிப் பல்லன் என்று பெயர் வைத்தார்கள். புளியமரக் குத்தகையில் பெயர் எடுத்தவன் அவன். மரத்தடியில் ஒரு காயைக் கடித்துத் துப்பிவிட்டு, இந்த மரம் ஆகும், அந்த மரம் ஆகாது என்று சொல்வான். வியாபாரிகள் அதன் பிறகு கடித்துப் பார்க்க மாட்டார்கள். இப்போது புளியை நாக்கில் வைத்தால் நெருப்பு மட்டும்தான் தெரிந்தது.

டாக்டரம்மா வாயில் விளக்கடித்துப் பார்ப்பாள். கன்னடம் கலந்த தமிழில் சொல்வாள்.

"உன் தம்பி செல்லுக்கு உன் வாய் வேற யாரோன்னு தோணுது. அதுக்கே சண்டை போடுது. மருந்துத் தண்ணி கொப்புளிக்கணும். காரம் பேடா, திங்காதே. பல்லுக்கு ஜெல் தடவணும். டைம் ஆகும், பயப்படாதே."

அவன் வீட்டுக்கு வந்து சண்டையை மட்டும் சொன்னான்.

"தம்பி உள்ள இருந்துக்கிட்டு சண்ட போடுறானாம்."

அவன் மனைவி அன்பரசி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்பவே நான் சொன்னனா இல்லையா? பதினோரு வருசத்து வயித்தெரிச்சல். சும்மா குடுப்பானா? ரத்தத்துலயே கலந்து குடுத்துட்டான்."

"அவன் எங்க கலக்குறான்? மிஷினு எடுக்குது."

"மிஷினு ரத்தத்த எடுக்கும். கோவத்த வடிகட்டுமா?"

டாக்டரம்மா வடிகட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மருந்துத் தண்ணீர் பாட்டில் மாட்டுக் கொட்டகைப் பரண்மேல் போயிற்று.

பதினோரு வருசம் முன்பு தீர்த்தகிரி ஏரிக்கு அந்தாண்ட கனிமொழியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். ஏரிக்கு இந்தாண்ட இருப்பவர்கள் அந்தாண்ட பெண் எடுப்பதில்லை. தண்ணீர் வாங்கிக் குடிப்பதுமில்லை. தம்பியின் துணிமணியை ரோட்டில் எறிந்தவன் பச்சியப்பன்தான். அப்பா இறந்தபோது சொல்லி அனுப்பவில்லை. தீர்த்தகிரி பாப்பிரெட்டிப்பட்டியில் பைக் பழுது பார்க்கும் கடை வைத்தான். கனிமொழிக்கு அங்கன்வாடியில் வேலை கிடைத்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

செல் வேண்டியிருந்தபோது பச்சியப்பன் அந்தக் கடை வாசலில் போய் நின்றான். தம்பி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே விவரம் கேட்டான். பிறகு, "எப்பணா போவணும்?" என்றான்.

அன்பரசியால் மாட்டையும் புளியையும் விட்டுவிட்டுப் பெங்களூரில் தங்க முடியவில்லை. கனிமொழி லீவு போட்டுவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் அறை எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். வாயிலிருந்து தொண்டைவரை வெந்து கிடந்த நாட்களில் பச்சியப்பன் அவள் கையால்தான் குடித்தான். கரண்டி பட்டால் வலிக்கும் என்று துணியை நனைத்துப் பிழிந்து விடுவாள். ஊருக்கு வந்து அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேண்டீன் சாப்பாடு என்றான்.

---

வாசலில் புளி உடைக்கும் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். மாசி மாதம். வீடு முழுக்கப் புளி. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, மூட்டையாகக் கட்டித் திண்டிவனத்து வியாபாரிக்குப் போக வேண்டும். வழக்கமாக நடுவாசலில் உட்காருவார்கள். இன்று அன்பரசி அவர்களைக் கொட்டகைப் பக்கம் ஒதுக்கிவிட்டாள். நடுவாசலில் அவள் மண் பரப்பிக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து கொண்டுவந்த செம்மண். சல்லடையில் சலித்திருந்தாள். பரப்பி, மட்டம் பண்ணி, தண்ணீர் தெளித்தாள்.

தீர்த்தம்மாள் புளியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். வாய் ஓயாதவள். "என்னாக்கா இது, புளி சீசன்ல வாசலுக்கு மண்ணு போடுற? சடங்கு கிடங்கு வெச்சிருக்கியா?"

"கொழுந்தன் வர்றாரு."

"எந்தக் கொழுந்தன்?"

"எனக்கு எத்தன கொழுந்தன் இருக்கறான்?"

புளி தட்டும் சத்தம் நின்றது.

"அவளுமா?"

"ரெண்டு பேருந்தான்."

"அடியாத்தே. வூட்டுக்குள்ளயா?"

"உள்ள எங்க எடமிருக்குது? புளி மூட்ட அடுக்கியிருக்குதில்ல. வாசல்லதான் சோறு போடறன்."

"அது செரி. ஆளு பாத்து எடத்த அடச்சுக்குது ஒங்க வூட்டுப் புளி."

எல்லாரும் சிரித்தார்கள். அன்பரசியும் சிரித்தாள். பச்சியப்பன் சொம்போடு வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். புளி வாசனைக்குப் பெண்கள் அடிக்கடி எச்சில் விழுங்கினார்கள். தீர்த்தம்மாள் பேசும்போது உதட்டோரம் ஈரம் மின்னியது. அவன் அதையே பார்த்தான்.

"என்னா மாமா அப்பிடிப் பாக்கற? ஒரு சொள வாயில போடறியா? ஊறும்."

"அவருக்கு எங்கடி ஊறும்," என்றாள் இன்னொருத்தி. "அது சித்திர மாசத்து ஏரி. மாடு மேய்க்கலாம்."

மறுபடியும் சிரித்தார்கள். பச்சியப்பனும் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்தது.

---

முனியப்பன் கோயில் பூசாரி மாதையன் போன அமாவாசையன்று பச்சியப்பனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"குடுத்தவன் மனசு குளுந்து குடுக்கல," என்றார். "வலது கால் மண்ணு எடுக்கணும். அவனுக்குத் தெரியக் கூடாது. மொளகா, உப்பு கூட்டி முடிஞ்சு, மூணு சுத்து சுத்தி, நீ மூணு தரம் அதுல துப்பணும். நெருப்புல போடு. நெடி வந்து இருமல் எடுத்துதுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நெடியே வரலன்னா அவனோட கோவந்தான். அதோட கருகிப் போயிரும்."

"துப்பணுமா?" என்றான் பச்சியப்பன்.

"துப்பாம எப்பிடி?"

அதற்கடுத்த வாரம் பெங்களூர் போனபோது டாக்டரம்மா வாயைப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனையைத்தான் பார்த்தாள். அணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் தேதி தம்பியை அழைத்து வா, இன்னொரு தடவை எடுத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்றாள். "லேட் மாடபேடா, தள்ளிப் போடாதே," என்றாள் இரண்டு தடவை.

தம்பியிடம் அதைப் போனில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேரில் கேட்கலாம் என்று இருந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட்ட கையோடு கேட்டுவிடலாம். அதை அன்பரசியிடம் சொன்னான். மண் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

"அப்பறமா?" என்றாள் அவள். "ஏங்க, நீங்க யோசிச்சுத்தான் பேசறீங்களா? கோவத்தோட இருக்கறவங்கிட்ட செல்லு எடுத்தா அந்தக் கோவமும் மறுக்கா உள்ளதான் வரும். மொதல்ல ஏத்துனதே வாயத் தின்னுருச்சு. ரெண்டாவது ஏத்துனா எதத் திங்கும்? மொதல்ல மண்ண எடுத்துக் கருக்கிப் போடணும். அப்பறந்தான் செல்லு."

அவன் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்ன வரிசை சரியாகத்தான் பட்டது.

"அவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரியாம எடுக்கறது என் வேல. நீங்க துப்பற வேலயப் பாருங்க."

ஒரு வாரமாக அவன் கொட்டகைக்குப் பின்னால் நின்று துப்பிப் பழகினான். ஒன்றும் வரவில்லை. எலுமிச்சையைக் கடித்தான். எரிச்சலில் கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

---

பதினொரு மணிக்குப் பைக் வந்தது. தீர்த்தகிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை. கனிமொழி பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். ஒரு கையில் பழப்பை, ஒரு கையில் தூக்குப்போசி. குழந்தையை அழைத்து வரவில்லை.

அன்பரசி கேட்டுக்கு ஓடினாள். "வாங்க கொழுந்தனாரே. செருப்ப வெளியவே வுட்டுட்டு வாங்க. வாசலுக்குப் புதுசா மண்ணு போட்டிருக்குது."

தீர்த்தகிரி குனிந்து வாசலைப் பார்த்தான். சலித்த செம்மண், தண்ணீர் தெளித்து, ஒரு கோழிக் கால்கூடப் படாமல் இருந்தது.

"எங்களுக்காவா அண்ணி?"

"பின்ன யாருக்கு?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள்.

"வலது கால எடுத்து வெச்சு வா புள்ள. பதினோரு வருசம் லேட்டு," என்றான்.

கனிமொழி சிரித்துக்கொண்டே வந்தாள். ஈர மண்ணில் நான்கு கால்களின் தடங்களும் தெளிவாக விழுந்தன. தீர்த்தகிரியின் கால் பெரியது. அன்பரசி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொட்டகைப் பக்கம் பெண்கள் புளியைத் தட்டாமல் தட்டினார்கள்.

"என்னாணா இப்பிடி எளச்சுட்ட?" தம்பி அண்ணனின் தோளைப் பிடித்தான். பிடித்த இடத்தில் எலும்புதான் இருந்தது. "வாயி எப்பிடி இருக்குது? மருந்து கொப்புளிக்கறியா?"

"ம்."

"பொய்யி," என்றாள் கனிமொழி. "மாமா ஒதட்டப் பாருங்க. அந்த மருந்து போட்டா இப்பிடி வெடிக்காது. தெனம் நாலு தரம் கொப்புளிக்கணும்னு அந்தம்மா என் முன்னாடிதான சொன்னாங்க?"

"மருந்தெல்லாம் ஆவுது," என்றாள் அன்பரசி. "உக்காருங்க, சூடா சாப்பிடுங்க."

பாய் விரித்திருந்தது. கொட்டகையைப் பார்த்து உட்காரும்படி போட்டிருந்தாள். நடுவாசல் முதுகுப் பக்கம் வந்தது. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். தட்டுகள் காகிதத் தட்டுகள். கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த கட்டை அவர்கள் முன்னால்தான் பிரித்தாள். தண்ணீர் பிளாஸ்டிக் டம்ளரில்.

கனிமொழி தட்டை ஒரு தடவை விரலால் தடவினாள். காகிதத் தட்டில் களி நிற்காமல் வழுக்கியது.

"கழுவற வேல மிச்சம்," என்றாள் அன்பரசி.

"ஆமாங்க்கா. தூக்கிப் போட்டுறலாம்," என்றாள் கனிமொழி.

தீர்த்தகிரி களியை உருட்டிக் குழம்பில் முக்கி விழுங்கினான். மெல்லவில்லை. களியை யாரும் மெல்வதில்லை. பச்சியப்பன் அவன் தொண்டையைப் பார்த்தான். உருண்டை இறங்குவது வெளியே தெரிந்தது. அவனுக்குக் கடைசியாகக் களி இறங்கியது எப்போது என்று நினைவில்லை. போன வருசம் ஆசைப்பட்டு ஒரு உருண்டை வாயில் போட்டான். அது பாதித் தொண்டையில் நின்றுகொண்டது. அன்பரசி முதுகில் குத்திக் குத்தி எடுத்தாள்.

"அண்ணன் சாப்பிடலையா?"

"அவரு எங்க சாப்பிடறாரு."

கனிமொழி தூக்குப்போசியை நகர்த்தி வைத்தாள். "மாமாவுக்குக் கூழு கொண்டாந்தன். ராத்திரியே கரச்சு வெச்சு, துணியில வடிகட்டி, மோரு வுட்டது. மொளகா இல்ல, வெங்காயங்கூட இல்ல. ஆஸ்பத்திரியில இதான குடிச்சீங்க."

அன்பரசி கணவனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயா?"

"கேண்டீனு," என்றான் பச்சியப்பன்.

கனிமொழி அவனைப் பார்த்தாள். மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

அவன் எடுக்கவில்லை. "அப்பறம் குடிக்கறன்," என்றான். தீர்த்தம்மாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கூழின் புளித்த வாசனை வந்தது. வயிறு இழுத்தது. நேற்றுக் காலை குடித்த பால்தான் உள்ளே இருந்தது. அவன் டம்ளரை எடுத்தான். கூழ் நாக்கில் பட்டு, எங்கும் எரியாமல், எங்கும் நிற்காமல் இறங்கியது. இரண்டாவது டம்ளரை அவனே ஊற்றிக்கொண்டான். மூன்றாவதும். வழித்தும் குடித்தான்.

"போதுமா மாமா?"

"ம்."

அன்பரசி எழுந்தாள். "மோரு எடுத்தாறன்," என்று சொல்லிவிட்டு அவர்களுக்குப் பின்பக்கமாகப் போனாள். இனி பச்சியப்பனின் வேலை தம்பியைத் திரும்பவிடாமல் பேசுவது.

"கடை எப்பிடிப் போவுது?"

"போவுதுணா. எலக்ட்ரிக் வண்டிதான் இப்ப நெறய வருது. அத நாம தொட முடியாது." தீர்த்தகிரி எலும்பைச் சப்பிவிட்டு வைத்தான். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். இவதான் கேளுன்னா. வர்ற பங்குனியில முனியப்பனுக்குப் பொங்க வெக்கறப்ப நாங்க வர்லாமா? ஓரமா நிக்கறம். பாப்பாவுக்கு அங்க மொட்ட போடணும்னு வேண்டுதலு. நீ பொழச்சு வந்தா போடறம்னு நேந்துக்கிட்டது."

பச்சியப்பன் தம்பியின் தலைக்கு மேலே பார்த்தான். நடுவாசலில் அன்பரசி குந்தி உட்கார்ந்து, தோசைக் கரண்டியால் மண்ணைச் சுரண்டி மஞ்சள் துணியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்னா," என்றான். "பாக்கலாம்."

"நெசமாவாணா?"

"பாக்கலாண்டா. நானும் ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

நாக்கு எழவில்லை. சொம்பைத் தேடினான். அதற்குள் கனிமொழி கை கழுவ எழுந்து திரும்பிவிட்டாள்.

"அக்கா, என்னா தேடறீங்க?"

அன்பரசி துணியை மடியில் மறைத்தாள். "கம்மல் திருகாணி வுழுந்துருச்சு."

கனிமொழி அவள் காதைப் பார்த்தாள். இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. அவளும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தான். மடியில் துருத்திக்கொண்டிருந்த காய்ந்த மிளகாய்க் காம்பு போதுமானதாக இருந்தது.

"ஏங்க," என்றாள் புருசனைப் பார்த்து. "இங்க வந்து பாருங்க. எதுக்கு மண்ணு போட்டாங்கன்னு பாருங்க."

தீர்த்தகிரி எழுந்து போனான். எச்சில் கையோடு நின்று பார்த்தான். அவனது தடங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒன்று சதுரமாகப் பெயர்க்கப்பட்டிருந்தது.

"யாரு சொன்னா அண்ணி? மாதையனா?"

அன்பரசி மடியை இறுக்கிப் பிடித்தாள்.

"எந்தக் காலு வோணும்னாரு?"

"வலது," என்றாள் அவள். பொய் சொல்ல நேரமில்லாமல் வந்துவிட்டது.

"இது எடது." தீர்த்தகிரி வலது காலைத் தூக்கி அவளுக்கு முன்னால் ஈர மண்ணில் வைத்தான். குதிகாலிலிருந்து விரல்வரை நன்றாக அழுத்தினான். எடுத்தான். "இதுதான் வலது. எடுத்துக்குங்க."

அன்பரசி பழைய மண்ணை உதறிக் கொட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து, அதைச் சுரண்டி எடுத்தாள்.

"அதான பாத்தன்," என்றாள் தீர்த்தம்மாள் கொட்டகையிலிருந்து. "தெரிஞ்சு எடுத்தா பலிக்குமாக்கா?"

"நீ புளியப் பாருடி."

கனிமொழி அன்பரசிக்கு முன்னால் வந்து நின்றாள். "என் கால் மண்ணு வோணாமாக்கா? பதினோரு வருசமா நான்தான மருந்து வெச்சு மயக்கினேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க? அதையும் அள்ளிக்குங்க. ரெண்டு காலும் இருக்குது."

"நீ சும்மா இரு," என்றான் தீர்த்தகிரி. அண்ணனிடம் வந்தான். "அண்ணா. எனக்கு ஒம்மேல கோவம்னு ஒனக்கு யாரு சொன்னது?"

பச்சியப்பன் சொம்புத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தான். "டாக்டரம்மா. ஒன் செல்லுதான் சண்ட போடுதாம்."

"செல்லுதான?"

"ஒன்னோடதுதான்டா அது."

பச்சியப்பன் பார்வையை இறக்கினான். தம்பியின் முழங்கை மடிப்பில் ஊசி போட்ட தழும்பு சின்னதாய்க் கறுத்திருந்தது.

அன்பரசி முடிச்சைக் கொண்டுவந்தாள். புருசனைக் கிழக்குப் பார்க்க உட்காரச் சொன்னாள். அவன் உட்கார்ந்தான். தலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றினாள். முடிச்சை அவிழ்த்து வாய்க்கு நேராக நீட்டினாள். செம்மண், கல்லுப்பு, மிளகாய்.

"துப்புங்க."

அவன் தம்பியைப் பார்த்தான். தீர்த்தகிரி நகரவில்லை.

"அன்பு, அவங்க போவட்டும்."

"எடுத்த மண்ணு காயக் கூடாது. துப்புங்க."

அவன் குனிந்தான். உதட்டைக் குவித்தான். காற்று வந்தது.

"இன்னொண்ணு."

மறுபடியும் காற்று. நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டியது. புளிக்கூடைப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

"தண்ணி வெச்சுக்கிட்டுத் துப்பினா செல்லாதாங்க்கா?" என்றாள் கனிமொழி.

அவன் கண்ணை மூடினான். அடிவயிற்றிலிருந்து காறினான். ஈறோரத்தில் ஒட்டியிருந்த கூழ் வெள்ளையாகத் திரண்டு வந்து மண்ணில் விழுந்தது.

"வந்துருச்சு," என்றாள் அன்பரசி.

கனிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

களி கிண்டிய அடுப்பு வாசலிலேயே எரிந்துகொண்டிருந்தது. முடிச்சை அதில் போட்டாள். மிளகாய் வெடித்தது. நெடி வாசல் முழுக்கப் பரவியது. தீர்த்தம்மாள்தான் முதலில் இருமினாள். அப்புறம் எல்லாப் பெண்களும். கனிமொழி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினாள். தீர்த்தகிரி இருமினான். அன்பரசிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இருமல் எடுத்துருச்சேக்கா," என்றாள் தீர்த்தம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்ப ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்?"

"மொளகா புதுசு," என்றாள் அன்பரசி. "அதான் நெடி."

பச்சியப்பனால் இருமலை நிறுத்த முடியவில்லை. காய்ந்த தொண்டையில் நெடி ஒட்டிக்கொண்டு விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரத்தம் கலந்த சளி உதட்டில் தொங்கியது. மூச்சு உள்ளே போகாமல் கீச்சென்றது. அன்பரசி சொம்பைத் தேடினாள். தீர்த்தகிரி அதற்குள் அதை எடுத்திருந்தான். அண்ணனின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினான். ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். மறுபடி ஊற்றினான். இருமல் அடங்கியது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் அண்ணனின் உதட்டைத் துடைத்தான். துண்டை மடித்துச் சொம்பின்மேல் வைத்தான்.

"போலாம் புள்ள," என்றான்.

"கொழுந்தனாரே, மோரு குடிக்காம..." என்றாள் அன்பரசி.

கனிமொழி இரண்டு காகிதத் தட்டுகளையும் எடுத்து மடித்தாள். பிளாஸ்டிக் டம்ளர்களை அதற்குள் திணித்தாள். கொட்டகை ஓரம் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். தூக்குப்போசியை மூடினாள். இருவரும் மண்ணில் கால் படாமல் சுவரோரமாகவே நடந்து கேட்டுக்குப் போனார்கள். செருப்பு மாட்டினார்கள்.

பச்சியப்பன் எழுந்து பின்னால் போனான். அவன் நடுவாசல் வழியாகப் போனான். தடங்கள்மேல் மிதித்துப் போனது அவனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதியை இன்னும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

தீர்த்தகிரி பைக்கை உதைத்தான். கனிமொழி பின்னால் உட்கார்ந்து போசியை மடியில் வைத்துக்கொண்டாள். பச்சியப்பன் கேட்டுக் கம்பியைப் பிடித்தான். தம்பி ஊற்றிய தண்ணீர் நாக்கில் இன்னும் கொஞ்சம் ஈரம் வைத்திருந்தது. அது காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, பன்னண்டாந் தேதி மறுக்கா செல்லு எடுக்கணுமாம். பஸ்ஸுலயே போயிரலாமா, இல்ல காரு சொல்லட்டுமா?"